வெடிக்காத கொட்டைகள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் அவளுடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், பொங்கற நேரம் வந்துடுச்சுன்னு பாலுக்கு எப்படித் தெரியும்?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதில் தெரிந்தவர்கள்தானே சிரிக்க முடியும். பாலுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரிய வேண்டும் என்று ஏதோ சொல்லி அவளை உட்கார வைத்தேன். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி இப்போது உன்னிடம் கேட்கிறேன். காபிக்கொட்டை வறுபட்டுவிட்டது என்று பக்கத்தில் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் இங்கே வந்தபோது, நீயே வீட்டில் வறுத்தது என்று ஒரு காபி போட்டுக் கொடுத்தாய். அன்றிலிருந்து கடைத்தூள் எனக்கு மரத்தூளாகிவிட்டது. பச்சைக் கொட்டை ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் என்னோடு ஓய்வுபெற்ற நான்கு பேர் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறோம் அல்லவா, அவர்களுக்கு என் கையால் வறுத்து, அரைத்து, போட்டுக் கொடுக்க ஆசை.

இதையெல்லாம் கடிதமாகவே எழுது. தொலைபேசியில் ஒரே கரகரப்பு, நீ சொல்வதில் பாதி காற்றோடு போய்விடுகிறது. எழுதினால் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்ளலாம்.

என் மகள் உன்னிடமும் பேசியிருப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். அம்மா தனியாகச் சமாளிப்பாளா என்று மாமாதான் சொல்ல வேண்டுமாம். ஒரே ஒரு காரணம் அவள் கையில் கிடைத்தால் போதும், மறுநாள் வாசலில் லாரி நிற்கும். நீ நல்லபடியாகச் சொல்வாய் என்று நம்பி இருக்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு லிஃப்ட் இல்லாத வீடு என்று தினமும் ஒரு அர்ச்சனை நடக்கிறது.

வறுப்பது பெரிய வித்தை இல்லை. இரும்பு வாணலியை நடுத்தரத் தீயில் காயவிடு. இரண்டு கை அள்ளிப் போடு. மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இரு, கையை எடுக்காதே. பச்சை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும். அதுவரைக்கும் நீ எதுவும் முடிவு செய்ய வேண்டாம். அதற்குப் பிறகு கொட்டையே உன்னிடம் பேசும். சோளம் பொரிவதுபோல ஒன்று வெடிக்கும், பிறகு இரண்டு, பிறகு படபடவென்று நிறைய. அந்தச் சத்தம் ஓய்ந்ததும் தீயை அணைத்துவிடு. அசந்துபோய் விட்டுவிட்டால் மறுபடி ஒரு சத்தம் வரும், காய்ந்த சருகை மிதித்த மாதிரி மெல்லிசாக. அது வந்தால் கசப்புதான்.

எனக்கு லிஃப்டும் அப்படித்தான், காபியும் அப்படித்தான். கதவில் காதை வைத்தால் உள்ளே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டுகூட வறுத்துவிடலாம் அக்கா. காதை மூடிக்கொண்டு முடியாது.

உன் மகள் பேசினாள். அம்மா ராணி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். லீவு கிடைத்ததும் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வேன் என்றாள்.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. உன் மனைவியிடம் சொல், படிக்கட்டில் இறங்கும்போது பக்கவாட்டாக இறங்கினால் முழங்கால் அவ்வளவு முறைக்காது.

நீ சொன்னபடியே செய்தேன். பச்சை மஞ்சளானது, மஞ்சள் பழுப்பானது. நானும் கொட்டை பேசும் பேசும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது வாய் திறக்கவில்லை. கிளறினேன், கிளறினேன், கடைசியில் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. அறை முழுக்கப் புகை. திரும்பிப் பார்த்தால் கீழ்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு என் சமையலறையில் நிற்கிறார். மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

"எவ்ளோ நேரம் பெல் அடிக்கிறது டீச்சர்? கதவையும் தட்டியாச்சு. வீட்டுல ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, பெல்லும் கொஞ்ச நாளாகச் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

எறிய மனமில்லாமல் அதையே அரைத்துச் சனிக்கிழமை கொடுத்தேன். நால்வரில் அறிவியல் வாத்தியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு டீச்சர், சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொட்டையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் போலிருக்கிறது.

உன் அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய சரக்காக இருந்தால் சத்தம் அடங்கித்தான் வரும். அதனால் என் மூட்டையிலிருந்தே கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். இதே மூட்டையிலிருந்து நேற்று வறுத்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, "அடுப்புல என்ன பட்டாசா போடுறீங்க?" என்று கேட்டாள். அவ்வளவு வாயாடிக் கொட்டை இது.

உன் வாணலி மெல்லியதாக இருந்தாலும் கருகும். கனமானதாகப் பார்த்து வாங்கு. மின்விசிறியையும் நிறுத்திவிடு. பெல்லுக்கு வாசல் பக்கத்துக் கம்பியைப் பார்க்கச் சொல், பெரும்பாலும் அங்கேதான் துருப்பிடித்திருக்கும். உன் சிறிய கோளாறையெல்லாம் கடிதத்திலேயே ரிப்பேர் செய்துவிடுவேன், கவலைப்படாதே.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவிக்கு என் அன்பு. பார்சல் வந்தது. கொட்டையைக் கையில் அள்ளினால் கூழாங்கல் மாதிரி என்ன ஒரு வழவழப்பு.

கனமான வாணலி வாங்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன், மூக்குக் கண்ணாடிதான் ஆவியில் மங்கிப்போனது. உன் வாயாடிக் கொட்டை என்னிடம் மட்டும் மௌன விரதம். மறுபடியும் கரி. மூன்றாம் முறை பயந்துபோய் முன்னாலேயே இறக்கிவிட்டேன், அரைக்கும்போது பச்சைப் புல் வாசனை அடித்தது. அதைக் காபி என்று சொன்னால் புல் கோபித்துக்கொள்ளும்.

பெல்லை மாற்றியாகிவிட்டது. கடைக்காரர் புதிது கொடுத்தார். அதுவும் ஊமை. திரும்பக் கொண்டுபோனேன், கடையில் வைத்து அழுத்திக் காட்டி ஏதோ சொன்னார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் காலத்துச் சாமான் எதுவுமே சரியில்லை.

மகள் கூப்பிட்டிருந்தாள். எடுத்த வேகத்தில் வைத்துவிடுகிறாயே, என்னோடு பேசப் பிடிக்கவில்லையா என்று குறைபட்டுக்கொண்டாளாம். தையல்காரர் வந்து சொன்னார், அவருக்குப் போன் செய்திருக்கிறாள். உன்னிடமும் ஏதாவது சொன்னாளா? எதுவானாலும் எழுது.

உன் அக்கா


மார்ச் 29

தம்பிக்கு,

நலம்தானே? பதில் இல்லை. வேலை அதிகமா, உடம்பு சரியில்லையா? நான் கேட்டதில் ஏதாவது தவறா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அதுதான் தாமதம்.

ஒரு கதை சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால், ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் வந்து நின்றால் மணி அடிப்பதே இல்லை என்று ஒரு பெரியவர் புகார் மேல் புகார் கொடுத்தார். மணியை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். பொத்தான் பலகையையே கழற்றி மாட்டினேன். நான் நிற்கும்போதெல்லாம் அது கணீரென்று அடித்தது. அவர் தனியாக நிற்கும்போது மட்டும் அடிக்காது. ஒருநாள் எனக்குப் புரிந்தது. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கைப் பொருத்திவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் புகார் வரவில்லை.

உன் வீட்டில் கொட்டையை மாற்றினோம், வாணலியை மாற்றினோம், பெல்லை மாற்றினோம், எல்லாம் ஊமையாகவே இருக்கின்றன. அந்தப் பெரியவருக்குச் செய்த மாதிரி சொல்லாமல் விளக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. நீ என் அக்கா. அதனால் கேட்கிறேன். உனக்குக் காது கேட்பது குறைந்திருக்கிறதா?

போன வருஷம் நான் வந்தபோது எங்கள் எல்லோருக்கும் அப்புறம்தான் நீ சிரித்தாய். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

உன் மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் நேராகக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. அது உனக்கே தெரியும்.

உன் தம்பி


மே 10

தம்பிக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம். காபி வறுப்பதை விட்டுவிட்டேன், கடைத்தூளே போதும். மீதியிருந்த கொட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் மனைவிக்கு என் விசாரிப்பு.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தீர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தீராவிட்டாலும் இதைப் படி. நீ திருப்பி அனுப்பிய கொட்டையை நான் மறுபடி திருப்பி அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார் என்று எனக்குக் கவலையில்லை.

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அதற்குமேல் வேலையில் மாட்டிக்கொள்ளும் பெரிய காதுமூடியையும் மாட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றேன். முதல் வாணலி கரி. இரண்டாவது புல். வாத்தியார் மருந்து என்று சொன்னாரே, அதுவேதான். இத்தனை வருஷம் வறுத்தவன், காதை எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியாதவனாகிவிட்டேன்.

நடுவில் என் மனைவி வந்து பின்னால் நின்று ஏதோ கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மறுபடி கேட்டிருக்கிறாள். அப்புறம் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது வாசல் திரை ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன தப்புச் செய்தேன் என்றே தெரியாமல் அவளைச் சமாதானப்படுத்தப் போனேன் அக்கா. எனக்குப் பஞ்சை எடுத்தால் தீர்ந்தது.

ஆனால் விடவில்லை. ஒரு வாரமாகப் பஞ்சோடுதான் வறுத்தேன். இப்போது எழுதுவதைக் கவனமாகப் படி. மஞ்சளாகும்போது காய்ந்த புல் வாசனை வரும். அப்புறம் ரொட்டி சுடுகிற வாசனை. அந்த நேரத்தில் கொட்டையின் முகம் சுருங்கிப்போயிருக்கும், மேல்தோல் உரிந்து உமி மாதிரிப் பறக்கும். அதற்குப் பிறகு கரண்டியை அழுத்திப் பிடிக்காமல் விரல் நுனியால் லேசாகப் பிடித்துக்கொள். வெடிப்பு காதுக்கு மட்டும் வருவதில்லை, கரண்டிக் காம்பு வழியாக விரலுக்கும் வருகிறது. யாரோ உள்ளிருந்து நகத்தால் சுண்டுகிற மாதிரி இருக்கும். அப்போது குனிந்து பார். சுருக்கமெல்லாம் விரிந்து கொட்டை உப்பியிருக்கும், நடுக்கோடு வாய் திறந்திருக்கும். ரொட்டி வாசனை போய் சர்க்கரை கருகுகிற வாசனை தொடங்கும். விரலில் சுண்டுவது ஓய்ந்ததும் அணைத்துவிடு.

காதை மூடிக்கொண்டு முடியாது என்று எழுதியிருந்தேன். தெரியாமல் எழுதிவிட்டேன். முடிகிறது.

உன் தம்பி


ஜூன் 16

என் அருமைத் தம்பிக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். உன் மனைவியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். உனக்கு வந்த திட்டு எனக்கு வர வேண்டியது.

சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாகவே குறைந்துகொண்டு வருகிறது. முதலில் பறவைகள் போயின. காலையில் அவை வருவதில்லை என்றே நினைத்தேன். அப்புறம் தொலைபேசி. கரகரப்பு ஒன்றும் இல்லை, உன் குரல்தான் எனக்கு எட்டவில்லை. மகள் குரலும் அப்படித்தான். ஏதாவது தப்பாகப் பதில் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து சீக்கிரம் வைத்துவிடுவேன். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுமே, அந்த மாதிரி சனிக்கிழமைகளில் அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் முன்பெஞ்சுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். என்னை நானே கூப்பிடத் தெரியவில்லை.

காபி வறுக்கக் கேட்டதும் அதற்குத்தான். அடுப்பு முன்னால் நிற்கிறவளை யாரும் பேச்சுக்கு இழுக்க மாட்டார்கள். என் வீட்டில் என் நண்பர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடினேன். நீ என்னடாவென்றால், காதால் வறுக்கச் சொன்னாய்.

உன் கடிதத்தை எதிர்ச்சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வறுத்தேன். ரொட்டி வாசனை வந்தது. முகம் சுருங்கியது, உமி பறந்தது. கரண்டியை லேசாகப் பிடித்தேன். முதலில் என் கை நடுக்கம் என்று நினைத்தேன். இல்லை. அது சுண்டியது. இன்னொன்று. அப்புறம் கரண்டி முழுக்கக் கூச்சல். தனியாக நின்று சிரித்தேன் தம்பி, யாருக்கும் அப்புறம் அல்ல, முதல் ஆளாக.

வாத்தியார் இரண்டாவது தம்ளர் கேட்டார். அப்போது நால்வரிடமும் சொல்லிவிட்டேன். பிறகு வாத்தியார் எழுந்து, நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மகள் மட்டும் பாக்கி. நீ சொல்லாதே. நானே எழுதிவிட்டேன். லாரி வருகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் மகள் போன் செய்தாள். அழுதாள். அப்புறம், ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை என்று திட்டினாள். அதற்கும் அப்புறம் உன் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். என்ன முடிவோடு வருகிறாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மனைவி, உன்னைப் போகச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் முழங்காலோடு கிளம்பி வருவேன் என்கிறாள்.

என்ன நடந்தாலும் உடனே எழுது.

உன் தம்பி


ஜூலை 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி கிளம்ப வேண்டாம், முழங்கால் வீட்டிலேயே இருக்கட்டும். எல்லோரும் நலம்.

மகள் வந்தாள். வந்த மறுநாளே காது மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்திருக்கிறார்கள். பழைய காது திரும்பி வராது, இருக்கிறதை வைத்துச் சமாளிக்க இது ஒரு கைத்தடி என்று மருத்துவர் சொன்னார். போட்டுக்கொண்டால் தட்டு, கதவு, குழாய் எல்லாம் ஒரே நேரத்தில் சண்டை போடுகின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறேன்.

அதற்குப் பிறகும் அவள் வந்த காரியத்தை விடவில்லை. பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள். என் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் காபி வறுக்கப் போனேன். கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வறுப்பேன், அந்த இரைச்சலில் கரண்டி சொல்வது புரிவதில்லை. நான் இறக்கிவிட்டுத் திரும்பினால் அவள் பின்னால் நின்று ஏதோ பேசி முடித்திருந்தாள். என்ன என்று கேட்டேன். கையை வீசி, "ஒண்ணுமில்லம்மா, விடு" என்றாள்.

அதைப் படிக்க எனக்குக் காது வேண்டாம். "நீ கேட்டது என்னன்னு தெரியல. ஒண்ணுமில்லன்னு சொன்னது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா எனக்கு அதிகமாக் கெடச்ச பதில் அதுதான்" என்றேன்.

அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. சுற்றி வந்து என் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். நிதானமாக மறுபடி கேட்டாள்: "இந்த வீட்டையே கட்டிக்கிட்டு இருக்கணும்னு என்னம்மா பிடிவாதம்?"

சொன்னேன். இங்கே எனக்குச் சத்தம் எங்கே இருக்கும் என்று தெரியும். பால்காரர் வரும் நேரம் தெரியும், ஜன்னலைப் பார்ப்பேன். குக்கரின் ஆவி எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியும். தையல்காரர் எந்த வார்த்தைக்கு உதட்டைக் கடிப்பார் என்பதுகூடத் தெரியும். "உன் வீட்டுல நல்லாத்தான் பாத்துப்பே. ஆனா அங்க நான் செவிடி. இங்க நான் டீச்சர்."

அவள் வாணலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் தானும் வறுக்க வேண்டும் என்றாள். கரண்டியை அவள் கையில் கொடுத்து, அதன்மேல் என் விரலை வைத்துக்கொண்டேன். நான் தலையசைத்த இடத்தில் அணைத்தாள். ஆற வைத்து, அரைத்துக் குடித்தோம். குடித்து முடித்ததும் போய்ப் புடவைகளைப் பெட்டியிலிருந்து அலமாரிக்கு மாற்றினாள். வாசலில் அழுத்தினால் கூடத்தில் விளக்கு எரிகிற பெல் ஒன்று வாங்கிப் பொருத்தியிருக்கிறாள். தினமும் ராத்திரி போனில் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. நேற்று ரயிலேறினாள், தன் பெட்டியோடு மட்டும்.

இனி நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கணக்குப் புரியவில்லை என்றால் அதையே உரக்கக் கத்த மாட்டோம் அல்லவா, வேறு வழியில் சொல்லிக் கொடுப்போம். காதும் அப்படித்தான். கத்தினால் சத்தம்தான் வரும், வார்த்தை வராது. எனக்கு மட்டுமல்ல, யாராவது உன்னிடம் "என்ன?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதே. எதிரில் போய், முகம் தெரிகிற வெளிச்சத்தில் நின்று, அதையே வேறு வார்த்தையில் இன்னொரு தடவை சொல்லிப் பார்.

அன்புடன்,
அக்கா